பகடை உருட்டிக் கதை வளர்ப்போம்

திருப்பூணித்துறையில் வளரும் என் பேத்திக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் மலையாளத்தில் வரும். அவளுக்காகவே ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கற்றேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு அது. ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி நிலைமையைச் சொல்லி, “என்ன செய்கிறாய்?” என்பார். செய்ய முடியுமா என்ற ஐயம் எழுந்தால் மட்டுமே 20 முகப் பகடை. குறித்த எண்ணை எட்டினால் வெற்றி. இல்லையேல் கதை வேறு வழியில் திரும்பும்.

புதிதாகத் தொடங்கும் அன்பர்கள் தடித்த விதிநூலைக் கண்டு மிரள வேண்டாம். (நான் மிரண்டதில் ஒரு வாரம் வீணாயிற்று.) ஒரு மாலைப்பொழுதுக்கு ஒரு சிறு கதை போதும். பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

எங்கள் முதல் கதை: அத்தச்சமயத்துக்கு முந்தைய இரவு, ஹில் பேலஸில் ராஜாவின் குடையைக் காணோம். வாயிற்காவலன் தமிழ் மட்டுமே அறிந்த கிழவன். அவனுக்காகவும் நானே பேசினேன். பேத்தி மலையாளத்தில் கெஞ்சினாள்.

“புரியலையேம்மா!”

வெகுநேரம் தயங்கினாள். “தாத்தா, கதவத் திறங்கோ. குடையத் தேடணும்.”

12 வரவேண்டும், வந்தது 4. இருந்தும் திறந்துவிட்டேன். கதைசொல்லிக்கு அந்த உரிமை உண்டு.