டிஸ்க் பிரேக் சைக்கிள் யாருக்குத் தேவை?

பிள்ளைக்கு டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். ஓட்டும் பாதையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாதாரண பிரேக்கில் ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும். மழையில் பிடிமானம் குறையும். நீண்ட இறக்கத்தில் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிப்பதால் ஈரத்திலும் நன்றாக நிறுத்தும். ஆனால் விலையும் எடையும் அதிகம். செயினுக்கு விடும் எண்ணெய் தட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது.

திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதளம். அங்கே சாதாரண பிரேக் போதும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வரை ஏறி இறங்குபவருக்கு டிஸ்க் பிரேக்கே நல்லது.

எதை வாங்கினாலும் தேய்ந்த கட்டையை உடனே மாற்றுங்கள். அதில் மிச்சம் பிடிக்கும் பணம் பிள்ளையின் உயிரைவிடப் பெரிதல்ல.