வீட்டுக்கு மனு எழுதும் முன் மனையைப் பாருங்கள்

அரசு வீடு என்றதும் எல்லோரும் விசாரிப்பது தொகையைத்தான். முதலில் விசாரிக்க வேண்டியது, குடியிருக்கும் மனை எந்த வகை என்பதை. சொந்த மனையில் கட்டிக்கொள்ளத்தான் கீழே சொல்லும் திட்டங்கள் பணம் தருகின்றன. மனைக்கு ஆவணம் இல்லையென்றால் மனு அங்கேயே நின்றுவிடும்.

எந்த அலுவலகம்?

சங்கராபுரம் பேரூராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0. சொந்த மனையில் தாமே கட்டினால் ரூ.2.5 லட்சம், மனு பேரூராட்சி அலுவலகத்தில். சுற்றியுள்ள ஊராட்சிகளின் குடிசைவாசிகளுக்கு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம்: ரூ.3.5 லட்சம், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. இதற்கு பி.டி.ஓ. ஆபீஸ்.

பட்டா இல்லையென்றால்?

ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருந்தால் வரன்முறைப் பட்டா கேட்டுத் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் பட்டா கிடைக்காது. அங்கே இருப்பவர்கள் மாற்று மனை கேட்பதே வழி. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்காதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

மலையில் சட்டம் வேறு

கல்வராயன் மலையில் காட்டு நிலத்தில் குடியிருக்கும் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். பத்திரம் இல்லையே என்று கலங்க வேண்டாம். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, ஊர்ப் பெரியவரின் எழுத்துமூல வாக்குமூலம், பழைய கிணறு, முன்னோரைப் புதைத்த இடுகாடு எல்லாமே சான்றுதான்; குறைந்தது இரண்டு வேண்டும். மனு கிராம சபைக்குப் போகும், அங்கிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கு. அந்தக் குழு நிராகரித்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். விசாரணை முடியும்வரை யாரும் வெளியேற்ற முடியாது. உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும், பிள்ளைகளுக்குச் சேரும். ஆனால் விற்க முடியாது. அந்த நிலத்தை ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வாங்குகிறவர் பணத்தை இழப்பார்.

ஏமாறும் இடங்கள்

பணி ஆணை கைக்கு வருமுன் குடிசையைப் பிரிக்காதீர்கள். அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் போட்டோ எடுத்த பிறகே பணம் வங்கிக் கணக்கில் ஏறும். ஒரு கட்டம் தாமதித்தால் மழைக்காலத்தில் ஒதுங்க இடமிருக்காது. பட்டியலில் பெயர் சேர்க்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064இல் சொல்லுங்கள்.

மனுவுக்குப் பதில் இல்லையா? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ ஜமாபந்தியிலோ கொடுங்கள், முதல்வரின் உதவி மைய எண் 1100க்கும் பேசலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுவின் நிலையைக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி உண்டு, எண் 15100. எங்கே மனு கொடுத்தாலும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மேல்முறையீடு அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்கும்.