ஹியூன் ஜுங்-ஹ்வா

ஹியூன் ஜுங்-ஹ்வா (பிறப்பு: அக்டோபர் 6, 1969) தென்கொரியாவைச் சேர்ந்த முன்னாள் மேசைப்பந்தாட்ட வீராங்கனை ஆவார். துறைமுக நகரான பூசானில் பிறந்தார். மட்டையைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, மேசையை ஒட்டி நின்று விரைந்து தாக்குவது இவரது பாணி.

1987 இல் புதுதில்லியில் நடந்த உலகப் போட்டியில் யாங் யங்-ஜாவுடன் இணைந்து பெண்கள் இரட்டையர் பட்டம் வென்றார். மேசைப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் இதே இணை சீனாவின் சென் ஜிங், ஜியாவோ ஜிமின் இணையை வென்று தங்கம் பெற்றது. 1989 இல் யூ நாம்-கியூவுடன் கலப்பு இரட்டையரில் உலக வாகையர் ஆனார்.

ஒருங்கிணைந்த கொரிய அணி

பதக்கங்களைவிட இவரது பெயரை நிலைக்கச் செய்தது 1991 ஆம் ஆண்டு. வட, தென் கொரிய மக்கள் ஒருவருக்கொருவர் கடிதம்கூட எழுத முடியாத நிலையில், சப்பானின் சிபா நகரில் நடந்த உலகப் போட்டிக்கு இரு நாடுகளும் ஒரே அணியை அனுப்பின. கொடி, வெள்ளைத் துணியில் நீலநிறக் கொரியத் தீபகற்பம். நாட்டுப்பண்ணுக்குப் பதிலாக 'அரிராங்' என்ற நாட்டுப்புறப் பாடல். ஹியூனுக்கு இரட்டையர் துணை, வடகொரியாவின் லீ புன்-ஹுயி.

பெண்கள் குழுப் பட்டத்தைத் தொடர்ந்து எட்டு முறை வென்றிருந்த சீனாவை இறுதியாட்டத்தில் எதிர்கொண்டனர். வடகொரியாவின் யூ சுன்-போக் முதல் ஆட்டத்தில் டெங் யாபிங்கை வீழ்த்தினார். அடுத்து ஹியூன் காவோ ஜுன்னை வென்றார். ஆனால் ஹியூன், லீ இணை இரட்டையரில் தோற்றது. ஹியூன் டெங்கிடமும் தோற்றார். 2-2 என்ற நிலையில் கடைசி ஆட்டத்தை வென்று தங்கத்தை உறுதிசெய்தவர் யூ சுன்-போக்தான். ஹியூன், லீ நட்பே பெரிதும் பேசப்படுவதால் இவரது பங்கு பல நேரங்களில் மறைந்துவிடுகிறது.

போட்டி முடிந்ததும் அணி கலைந்தது. மறு ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஹியூனும் லீயும் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் வெண்கலம் பெற்றனர். இம்முறை வெவ்வேறு கொடிகளின் கீழ்.

பிற்காலம்

1993 இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் ஒற்றையர் உலகப் பட்டமும் ஹியூனுக்குக் கிடைத்தது. தென்கொரியர் ஒருவர் வென்ற முதல் ஒற்றையர் உலகப் பட்டம் அது. இறுதியில் தோற்றவர் சியோலில் எதிர்த்து ஆடிய அதே சென் ஜிங். அப்போது தைவானுக்காக ஆடினார். இதன்மூலம் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர், குழு ஆகிய நான்கிலும் ஹியூன் உலகப் பட்டம் பெற்றவரானார். ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

சிபா அணியின் கதை 2012 இல் தென்கொரியாவில் திரைப்படமாக வெளிவந்தது. ஹியூனாக ஹா ஜி-வொன்னும் லீயாகப் பே டூ-னாவும் நடித்தனர். 2018 இல் சுவீடனின் ஹால்ம்ஸ்டாட் நகரில் நடந்த உலகக் குழுப் போட்டியில், காலிறுதியில் மோதவேண்டிய இரு கொரியப் பெண்கள் அணிகளும் ஆடாமலேயே ஒன்றாக இணைந்து அரையிறுதிக்குச் சென்றன.