சவரக் கிண்ணத்தில் ஒரு அரைவட்டம்

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மண்பாண்டத்துல என்ன வேலை?" என்று கேட்டுவிடாதீர்கள். மெட்டீரியல்ஸ் பாடத்தில் செராமிக்ஸ் என்று அரைப் பக்கம் வருமே, பரீட்சைக்கு வராது என்று நாம் தாண்டிப் போவோமே, அதற்குப் பின்னால் பெரிய கதையே இருக்கு.

பிரான்சு நாட்டில் 'ஃபயான்ஸ்' என்றொரு மட்பாண்டம். இத்தாலியிலுள்ள ஃபயென்சா என்ற ஊரின் பெயர்தான் அப்படி மருவியது. நெவேர், ரூவான், மூஸ்தியே ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. முகம் கழுவ, கை கழுவ, சவரம் செய்ய என்று தனித்தனிச் சாமான்கள். கைக்குத் தண்ணீர் ஊற்றும் கூஜா, போர்வீரனின் தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். நம்ம ஊர்க் கெண்டிக்கு ஒருவகையில் தூரத்துச் சொந்தம்! ஸ்பாஞ்சு டப்பாவின் மூடியில், ஈரம் காய்வதற்காக ஓட்டைகள் போட்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது சவரக் கிண்ணம். நீள்வட்டமான அகலத் தட்டு. விளிம்பில் ஒரு அரைவட்டம் வெட்டியிருக்கும். அந்த வெட்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் சோப்புத் தண்ணீர் சட்டையில் சொட்டாது. இதைவிட நல்ல டிசைன் வேணுமா?

செய்முறையைக் கேளுங்கள். களிமண்ணை வனைந்து ஒருமுறை சுடுவார்கள். அது நீரை உறிஞ்சும் மண். அதை ஈயமும் வெள்ளீய ஆக்சைடும் கலந்த கரைசலில் முக்கி எடுத்தால் மேலே மாவு மாதிரிப் படியும். அந்த மாவின்மேல்தான் ஓவியம். தூரிகை பட்டவுடன் சாயம் உறிஞ்சப்பட்டுவிடும். ரப்பர் வைத்து அழிக்க இது டிராயிங் ஷீட் இல்லை! கோபால்ட் நீலமாகவும், செம்பு பச்சையாகவும், மாங்கனீசு ஊதாவாகவும் வரும். மறுபடி சூளையில் வைத்தால் மாவு உருகிக் கண்ணாடியாகும். அதில் கரையாமல் மிதக்கும் வெள்ளீயத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பாலாடை வெண்மை. மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால், ஆறும்போது பூச்சு மண்ணைவிட அதிகம் சுருங்கி விரிசல் விடும். தெர்மல் எக்ஸ்பான்ஷன் கணக்கு ஞாபகம் வருதா? அழகு என்னவோ அழகுதான். ஆனால் அந்த ஈயத் தூளிலேயே தினமும் வேலை செய்தவனுக்கு அது விஷம்.

பதினான்காம் லூயி மன்னன் போர்ச் செலவுக்காக 1689-லும் 1709-லும் வெள்ளிப் பாத்திரங்களை உருக்க வைத்தான். வெள்ளி போனதும் பிரபுக்கள் ஃபயான்சுக்கு மாறினார்கள். குயவர்களுக்கு ஒரே யோகம்! அது நிலைக்கவில்லை. 1786-ல் இங்கிலாந்தோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைத்ததும், மெல்லிய, மலிவான ஆங்கிலப் பாண்டங்கள் வந்து குவிந்தன. மூன்று வருஷத்தில் புரட்சியும் வந்தது. பட்டறை பட்டறையாக மூடினார்கள். கெம்பேர் போன்ற சில ஊர்களே தப்பின.

திண்டுக்கல்காரனுக்கு இதை விளக்கணுமா? கையால் ராவிச் செய்யும் நம்ம பூட்டு, அலிகார் பூட்டின் விலையோடு மல்லுக்கட்டிய கதையும் இதே ஜாதிதான். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைக்குப் பையன்கள் வந்து சேர்வார்களா என்பதுதான் கேள்வி.

சவரக் கிண்ணத்தை நேரில் பார்க்க, பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் பீங்கான் மியூசியம் இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறலாம். செராமிக் டெக்னாலஜிக்கென்றே அங்கே டிப்ளமோ இருக்கு. பக்கத்திலேயே நெய்வேலிக் களிமண்.