எந்தச் சாலைக்கு முதலில் பணம்? இல்ஃபோர்ட் வட்டாரத்தின் நீண்ட வழக்கு

கிழக்கு இலண்டனில் தமிழர்கள் செறிந்து வாழும் ஊர்களுள் ஒன்றான இல்ஃபோர்ட், பெருஞ்சாலைகளின் பிடியில் வளர்ந்த ஊராகும். மேற்கே ரோடிங் ஆற்றை ஒட்டி ஏ406 என்னும் வட சுற்றுச்சாலை செல்கிறது. வடக்கே, 1920களில் வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்கும் நோக்கமும் சேர்ந்து அமைக்கப்பட்ட ஈஸ்டர்ன் அவென்யூ, இன்று ஏ12 என்ற பெயரில் கேன்ட்ஸ் ஹில், நியூபெரி பார்க் வழியாகக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. உரோமர் காலத்தில் இலண்டனையும் கோல்செஸ்டரையும் இணைத்த பழைய வழி, ஏ118 என்ற எண்ணுடன் ஊரின் நடுவே கிடக்கிறது. இவற்றுள் எதை அகலமாக்குவது, எதைச் செப்பனிடுவது, எங்கே நடப்போருக்கு இடம் விடுவது என்ற கேள்வி அறுபது ஆண்டுகளாக இவ்வட்டாரத்தில் ஓயாத வழக்காக இருந்து வருகிறது. கைவசமுள்ள பணம் எப்போதும் கேட்கப்படும் பணத்தைவிடக் குறைவாகவே இருப்பதால், ஒரு திட்டத்துக்கு ‘ஆம்’ என்பது மற்றொன்றுக்கு ‘இல்லை’ என்பதாகவே முடிகிறது.

சாலையின் உரிமையாளர் யார்?

ஒரே வட்டாரத்தின் சாலைகளுக்கு மூன்று நிர்வாகங்கள் பொறுப்பு வகிக்கின்றன என்பதை அறியாமல் இவ்விவாதத்தைப் புரிந்துகொள்ள இயலாது. தெற்கு வுட்ஃபோர்டில் தொடங்கி கேம்பிரிட்ஜ் திசையில் செல்லும் எம்11 மோட்டார்வே, நடுவண் அரசின் நிறுவனமான நேஷனல் ஹைவேஸின் பொறுப்பில் உள்ளது. ஏ12, ஏ406 ஆகியவை இலண்டன் மேயரின் கீழ் 2000ஆம் ஆண்டில் உருவான ‘டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்’ என்னும் போக்குவரத்து நிறுவனத்தைச் சேர்ந்தவை. விளிம்பில் சிவப்புக் கோடு இடப்பட்ட இத்தகைய சாலைகள் இலண்டன் சாலைகளின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடே என்றாலும், நகரின் வாகனப் போக்குவரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைச் சுமக்கின்றன. எஞ்சிய தெருக்கள், இல்ஃபோர்ட் அடங்கிய நகராட்சியான ரெட்பிரிட்ஜின் கவுன்சிலுக்கு உரியவை. கவுன்சில் தன் மேம்பாட்டுப் பணிகளை ‘உள்ளூர்ச் செயலாக்கத் திட்டம்’ என்ற ஆவணமாக எழுதி, மேயரின் போக்குவரத்துக் கொள்கையோடு அது பொருந்துகிறது என்று காட்டிய பின்னரே போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து அதற்கான நிதியைப் பெற முடியும்.

வாகன வரி கட்டுவோர் பலர், அந்தப் பணம் தங்கள் தெருவுக்கே திரும்பி வருவதாக எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறு இல்லை. 1920இல் உருவான சாலை நிதியத்துக்கு வாகன வரி நேரடியாகச் செல்லும் ஏற்பாடு 1937இல் முடிவுக்கு வந்து, வரி பொதுக் கருவூலத்தில் சேர்ந்தது. அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் வாகன வரியை மீண்டும் சாலைகளுக்கென ஒதுக்க அரசு முடிவு செய்தபோது, பணம் பெரும்பாலும் இலண்டனுக்கு வெளியேயுள்ள முதன்மைச் சாலைகளுக்கே சென்றது. இலண்டன்வாசிகள் ஆண்டுதோறும் கட்டும் ஏறத்தாழ 50 கோடி பவுண் வாகன வரியில் தங்களுக்குரிய பங்கு வேண்டும் என்று மேயர் அலுவலகம் தொடர்ந்து கோரி வருவதற்கு இதுவே காரணம். அன்றாடச் செலவுக்காக நடுவண் அரசு அளித்துவந்த மானியமும் 2018இல் நின்றுபோனதால், சுரங்க ரயிலிலும் பேருந்திலும் மக்கள் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி, கார்கள் ஓடும் பெருஞ்சாலைகளைப் பராமரிக்கவும் செலவாகிறது.

நிமிடங்களை எண்ணும் கணக்கு

பிரித்தானியாவில் பெரிய சாலைத் திட்டங்களை வரிசைப்படுத்தும் முதன்மைக் கருவி ‘பயன்–செலவு விகிதம்’ எனப்படுகிறது. ஒரு திட்டத்தால் விளையும் நன்மைகள் அனைத்தையும் பவுண் மதிப்பில் கணக்கிட்டு, அதைச் செலவால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. 1க்குக் கீழே இருந்தால் திட்டம் பணத்துக்குத் தகாதது என்றும், 2க்கு மேல் இருந்தால் உயர்ந்த மதிப்புடையது என்றும் கொள்ளப்படுகிறது. எதிர்காலத்தில் கிடைக்கும் நன்மை இன்றைய நன்மையைவிடச் சிறிதாக மதிக்கப்பட வேண்டும் என்பதால், கருவூலத்தின் வழிகாட்டுநூல் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வீதம் அதைக் குறைத்துக் கணக்கிடச் சொல்கிறது. அந்த வீதப்படி, இருபது ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 பவுண் நன்மை இன்றைக்கு ஏறத்தாழ 50 பவுணாகவே எண்ணப்படும். சாலைத் திட்டங்களில் இந்த நன்மைப் பட்டியலின் பெரும்பகுதியை நிரப்புவது, பயணிகள் மிச்சப்படுத்தும் நேரத்துக்கு இடப்படும் விலையேயாகும்.

இக்கணக்கின் வலிமையையும் குறையையும் ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாளொன்றுக்கு, ஒருவர் மட்டுமே அமர்ந்த 30,000 வாகனங்கள் கடக்கும் ஒரு சந்தியை அகலப்படுத்தி, ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தினால், மொத்தம் 500 மணி நேரம் மிச்சமாகிறது. அதே சந்தியில் நாற்பது பேரை ஏற்றிய 200 பேருந்துகளுக்குத் தனித்தடம் விட்டு, ஒவ்வொரு பயணிக்கும் நான்கு நிமிடத்தை மிச்சப்படுத்தினால், 533 மணி நேரம் கிடைக்கிறது. வாகனங்களை எண்ணுவோருக்கு 200 என்பது 30,000க்கு முன் அற்பமாகத் தெரியும். மனிதர்களின் நிமிடங்களை எண்ணுவோருக்கோ இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. எதை எண்ணுவது என்று முடிவு செய்த அந்த இடத்திலேயே, எந்தத் திட்டம் வெல்லும் என்பதும் பாதி முடிவாகி விடுகிறது.

ஒரு மரமும் ஒரு தெருவும்

இக்கணக்கில் அடங்காதவை எவை என்பதை ரெட்பிரிட்ஜ் மக்கள் 1993இல் கண்ணெதிரே கண்டனர். எம்11 மோட்டார்வேயை உள் இலண்டன் வரை நீட்டும் எண்ணம் 1960களிலேயே, நகரைச் சுற்றி அடுக்கடுக்காக மோட்டார்வே வளையங்கள் அமைக்கும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதியாகத் தோன்றியது. ஆயிரக்கணக்கான வீடுகளை விழுங்கவிருந்த அந்த வளையத் திட்டம் 1973இல் பெருமளவு கைவிடப்பட்ட பின்னரும், வான்ஸ்டெட், லெய்டன்ஸ்டன் ஊர்களை ஊடுருவி ஹாக்னி திசையில் செல்லும் இணைப்புச்சாலைத் துண்டு மட்டும் கோப்புகளில் உயிரோடு இருந்தது. ‘வளத்துக்கான சாலைகள்’ என்ற பெயரில் 1989இல் அரசு வெளியிட்ட மாபெரும் சாலைத் திட்டத்தின் காலத்தில் அது செயல்வடிவம் பெற்றது.

வான்ஸ்டெட்டின் ஜார்ஜ் கிரீன் புல்வெளியில் 250 ஆண்டுப் பழமையுள்ளதாகக் கருதப்பட்ட செஸ்ட்நட் மரம் ஒன்று சாலையின் வழியில் நின்றது. அதைக் காக்க வந்தோர் கிளைகளுக்கிடையே பலகைக் குடில் அமைத்துத் தங்கினர். மரத்தையே முகவரியாக எழுதிய கடிதம் ஒன்று அஞ்சலில் அங்கு வந்து சேர்ந்தது. அதைச் சான்றாகக் கொண்டு, அந்தக் குடில் ஒரு வசிப்பிடம் என்று நீதிமன்றத்தில் வாதிட்டு வென்றதால், மரத்தை வெட்டுவதற்கு முன் வீட்டைக் காலி செய்விக்கும் ஆணை ஒன்றைப் பெற வேண்டிய நிலை அரசுத் தரப்புக்கு ஏற்பட்டது. ஆயினும் அவ்வாண்டு திசம்பர் 7ஆம் நாள் மரம் வீழ்த்தப்பட்டது. ஓராண்டுக்குப் பின், லெய்டனின் கிளேர்மாண்ட் தெருவில் கூரைகளிலும் கோபுரத்திலும் ஏறி நின்ற போராட்டக்காரர்கள் பல நாள் முயற்சியால் அகற்றப்பட்டனர். ஏறத்தாழ 350 வீடுகள் இடிக்கப்பட்டு, சாலை 1999 அக்டோபரில் திறக்கப்பட்டது. இன்று இல்ஃபோர்ட்டிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் திசையில் காரில் செல்வோர் பலர் நாள்தோறும் பயன்படுத்தும் ஏ12இன் பகுதி அதுவே என்பதால், அச்சாலையால் எவருக்கும் பயனில்லை என்று கூறுவது நேர்மையாகாது. அங்கு இழந்தவர்களும் பெற்றவர்களும் வெவ்வேறு மக்கள் என்பதும், விகிதம் என்னும் ஒற்றை எண் அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை என்பதுமே கவனிக்கத்தக்கவை.

கிளேர்மாண்ட் தெரு காலி செய்யப்பட்ட அதே 1994இல், அரசே நியமித்த சாலை மதிப்பீட்டு நிபுணர் குழு ஒன்று, புதிய சாலை புதிய போக்குவரத்தை உண்டாக்கக்கூடும் என்று அறிவித்தது. ‘தூண்டப்பட்ட போக்குவரத்து’ எனப்படும் இக்கருத்தின்படி, நெரிசல் குறைந்ததும் முன்பு பேருந்தில் சென்றவர் காரை எடுக்கிறார், அருகில் வாங்கியவர் தொலைவில் வாங்கச் செல்கிறார். சில ஆண்டுகளில் மிச்சமான நிமிடங்கள் கரைந்துபோகின்றன. நிமிடங்களை நம்பி எழுதப்பட்ட கணக்குகளின் அடித்தளத்தையே இம்முடிவு அசைத்தது.

பாலம் வேண்டுமா, பேருந்து வேண்டுமா?

அடுத்த பெரிய வழக்கு தேம்ஸ் ஆற்றின் மேல் எழுந்தது. பெக்டனையும் தேம்ஸ்மீடையும் இணைக்கும் ‘தேம்ஸ் கேட்வே பாலம்’ கிழக்கு இலண்டனின் ஏழைப் பகுதிகளுக்கு வேலைவாய்ப்பைக் கொண்டுவரும் என்று அன்றைய மேயர் கென் லிவிங்ஸ்டன் வாதிட்டார். அது நெரிசலையும் காற்று மாசையும் கூட்டும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2005இல் தொடங்கிய பொது விசாரணையில், அதாவது சுயேச்சையான ஆய்வாளர் ஒருவர் இரு தரப்பின் சான்றுகளையும் கேட்டு அரசுக்குப் பரிந்துரை செய்யும் முறையில், பாலத்துக்கு எதிரான முடிவே வந்தது. 2008 நவம்பரில் புதிய மேயர் போரிஸ் ஜான்சன் திட்டத்தைக் கைவிட்டார். ஆற்றைக் கடக்கும் தேவை மறையவில்லை. மேற்கே சில்வர்டவுன் சுரங்கப்பாதை 2025 ஏப்ரல் 7ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கும் அருகிலுள்ள பழைய பிளாக்வால் சுரங்கத்துக்கும் சேர்த்துச் சுங்கம் விதிக்கப்பட்டதும், நெரிசல் மீண்டும் பெருகாமல் தடுக்க விலையைப் பயன்படுத்தும் முயற்சியே.

பாலம் கைவிடப்பட்டபோதும், அதே வட்டாரத்துக்காகத் திட்டமிடப்பட்டிருந்த கிழக்கு இலண்டன் டிரான்சிட் என்னும் விரைவுப் பேருந்துச் சேவை நிறைவேறியது. 2010இல் இல்ஃபோர்ட்டையும் பார்க்கிங்கையும் இணைத்து அது ஓடத் தொடங்கியது. பேருந்துத் தடங்களுக்கும் நிறுத்தங்களுக்கும் ஆன செலவு, பாலத்துக்கு ஆகவிருந்த செலவின் முன் மிகச் சிறியது. கார் இல்லாத குடும்பத்துக்கு அந்தச் சிறிய செலவே பெரிய சாலையாக அமைந்தது.

பூந்தொட்டிகள் வந்து போன இலையுதிர்காலம்

பெரிய திட்டங்களே சண்டையை வளர்க்கும் என்று எண்ணுவதும் தவறு. பெருந்தொற்று ஆண்டான 2020இல், நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் இடம் தர அரசு அவசர நிதியை அறிவித்தபோது, ரெட்பிரிட்ஜ் கவுன்சில் கிரான்புரூக் மேற்கு, பார்க்கிங்சைட் தெற்கு ஆகிய இரு குடியிருப்புப் பகுதிகளில் ‘அமைதித் தெருக்கள்’ திட்டத்தைச் சோதனையாகக் கொண்டுவந்தது. குறுக்குவழியாக நுழையும் கார்களைத் தடுக்கத் தெருக்களின் வாயில்களில் தடுப்புகளும் பூந்தொட்டிகளும் வைக்கப்பட்டன. நடப்போரும் மிதிவண்டியினரும் கடந்து செல்லலாம், உள்ளே குடியிருப்போர் வேறொரு வாயிலால் காரில் வரலாம். நெரிசல் பக்கத்துப் பெருஞ்சாலைகளுக்குத் தள்ளப்படுகிறது, தங்களைக் கேட்காமலே தங்கள் தெரு மூடப்பட்டது என்ற எதிர்ப்பு வலுத்தது. சில வாரங்களிலேயே, நவம்பரில், கவுன்சில் இரண்டையும் நீக்கியது.

பக்கத்து நகராட்சியான வால்தம் ஃபாரஸ்ட், 2014இல் மேயரின் ‘மினி ஹாலந்து’ நிதியைப் பெற்று இதே வகை மாற்றங்களை வால்தம்ஸ்டோவில் செய்தபோது, அங்கும் தெருவில் இறங்கிய எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் சோதனைக் காலம் நடந்து முடியும்வரை அந்நகராட்சி பொறுத்ததால், மாற்றங்கள் திருத்தங்களோடு நிலைபெற்றன. இரண்டையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை தெளிகிறது. போதிய காலம் வைத்துப் பார்க்காமலே எடுக்கப்பட்ட சோதனை எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. கேட்காமலே வைக்கப்பட்ட சோதனை, நல்லதாகவே இருந்தாலும் நிலைப்பதில்லை.

புதுமைக்கும் பராமரிப்புக்கும் இடையே

இந்தச் சண்டைகளின் ஓசையில் மறக்கப்படுவது பராமரிப்பு. இல்ஃபோர்ட்டிலிருந்து ஏ12 வழியே கிழக்கே சென்றால், ரோம்ஃபோர்டுக்கு அப்பால் கேலோஸ் கார்னர் மேம்பாலம் வருகிறது. 1970இல் தற்காலிக ஏற்பாடாக அமைக்கப்பட்ட அந்தப் பாலம் அரை நூற்றாண்டுக்கு மேல் பாரம் சுமந்தது. வேகத்துக்கும் வாகன எடைக்கும் கட்டுப்பாடு விதித்தே அதைக் காத்துவர வேண்டியிருந்தது. 2025 கோடையில் அந்தச் சந்தியை மூடிப் போக்குவரத்து நிறுவனம் பெரும் புதுப்பிப்பில் இறங்கியபோது, சுற்றிச் செல்ல நேர்ந்த குடும்பங்களும் கடைக்காரர்களும் அதன் சுமையைத் தாங்கினர். புதிய சாலைக்கு நாடா வெட்டும் விழா உண்டு. பழைய பாலத்தின் இணைப்புகளை மாற்றுவதற்கு விழா இல்லை. ஆகவேதான் ஒவ்வோர் ஆட்சியும் பராமரிப்பைத் தள்ளிப்போடுகிறது, தள்ளிப்போட்ட செலவு வளர்ந்து வருகிறது.

சாலை யாருக்கானது என்ற கேள்வி தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்தில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உடல் உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும், குடிநீருக்குக் கேணியும், இளைப்பாற மடமும் அமைக்கப்பட்டிருந்தன. பருத்தித்துறையின் தெருமூடிமடம் வழியின் மேலேயே கூரை போட்டு நிற்கிறது. அவற்றைக் கட்டியோர் வழியை வண்டியின் வேகத்தால் மட்டும் அளக்கவில்லை; சுமையோடு நடப்பவரின் தோளாலும் அளந்தார்கள். மாறாக, கேன்ட்ஸ் ஹில் சுற்றுவட்டத்தில் வாகனங்கள் தரைமேல் தடையின்றிச் சுழல, 1947இல் திறக்கப்பட்ட சுரங்க ரயில் நிலையத்துக்குச் செல்வோர் நிலத்தடி நடைபாதைக்கு இறங்கியே செல்ல வேண்டியிருக்கிறது. கடைப் பையும் குழந்தை வண்டியுமாக அங்கே வருபவருக்கு, கணக்கு யாருடைய நிமிடங்களை முதலில் எண்ணியது என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே பொதுப்பணத்துக்கு முதலில் தகுதியானவை, இருக்கும் பாலத்தையும் சாலையையும் உறுதியாக வைத்திருக்கும் பணிகள். அடுத்து, கார் இல்லாதோரின் பேருந்துத் தடமும் பாதுகாப்பான கடவையும். அவற்றுக்குப் பின்னரே புதிய பெருஞ்சாலை. இவ்வரிசையை ஏற்காதோரும் உண்டு, அவர்களது வாதமும் கேட்கப்பட வேண்டியதே. கேட்பதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது: சோதனைமுறைச் சாலை ஆணைகள் அதிகபட்சம் 18 மாதமே நீடிக்கலாம், முதல் ஆறு மாதத்தில் எவரும் ஆட்சேபணையோ ஆதரவோ எழுதி அனுப்பலாம். விளக்குக் கம்பத்தில் கட்டப்படும் அந்த அறிவிப்புத் தாளை நின்று படித்து, பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் மூத்தோரின் கருத்தையும் தமிழில் கேட்டு எழுதி அனுப்பும் இளையோர் பெருகினால், அடுத்த கணக்கு எழுதப்படும்போது அவர்களது நிமிடங்களும் அதில் இடம்பெறும்.