மெய்நிகர்க் கணினியின் கருவிக் குறைகளை ஆராயுமாறு

ஒரு கணினியினுள்ளே மற்றொரு கணினி இயங்குவதாகக் கற்பித்துக்கொள்வதும், அக்கற்பனைக் கணினி தன்னை மெய்க்கணினியென்றே கொண்டு தொழிற்படுவதும் இன்று எளிய செயல்களாயின. இதனை மெய்நிகர்க் கணினி என்பர். 1960களிலேயே அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பெருங்கணினிகளில் இம்முறையைக் கையாண்டனர். எனினும், மேசைமீதிருக்கும் சிறு கணினிகளுக்கு இது எளிதிற் கைகூடியது இந்நூற்றாண்டிலேயாம். 2003இல் பிரான்சு நாட்டவரான பப்ரிஸ் பெலார் என்பவர் கியூ-எமு என்னும் நிரலை வெளியிட்டார். 2007 பெப்ரவரியில் வெளிவந்த 2.6.20ஆம் லினக்ஸ் கேர்னலில், அவி கிவிற்றி என்பார் தொடக்கிவைத்த கே.வி.எம். என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அன்றுதொட்டு லினக்ஸ் நிறுவிய எக்கணினியும், செயலி இடங்கொடுக்குமாயின், பல கணினிகளுக்கு இல்லமாகலாம். இடங்கொடுக்கும் கணினியை ஹோஸ்ட் எனவும், அதனுள் வந்து தங்குவதைக் கெஸ்ட் எனவும் ஆங்கிலேயர் வழங்குவர். ஈண்டு முன்னதை இல்லக் கணினி எனவும் பின்னதை விருந்துக் கணினி எனவும் குறிப்பாம்.

விருந்துக் கணினி செம்மையாகத் தொடங்கும். ஆனால் அச்சுப்பொறி காணப்படாது. அன்றி வட்டுக் காணப்படாது. அன்றி வலையமைப்பு இராது. இந்நிலையிற் பலரும் கூறும் அறிவுரை, விருந்துக் கணினியை அழித்து மீள நிறுவுக என்பதே. குறை எங்குளது என்பதை அறியாது கூறப்படும் இவ்வறிவுரை பெரும்பாலும் பயனற்றது. சிலவேளைகளிற் கேடும் விளைப்பது. விருந்துக் கணினியிற் காணும் கருவி ஓரிடத்தில் மாத்திரம் இருப்பதன்று. இல்லக் கணினியின் கேர்னல், நடுநின்று கருவியைக் காட்டும் கியூ-எமு, வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற நிரல், விருந்துக் கணினியின் இயக்குநிரல் ஆகிய மூன்றிடத்தும் அதற்கு இருப்பு உண்டு. இம்மூன்றனுள் எவ்விடத்தில் அது மறைந்தது என வினாவுதலே ஆராய்ச்சியின் முதற்படியாகும்.

கருவி காட்டப்படும் முறையும் ஒன்றன்று. சிலவற்றை நடுநின்ற நிரல் முழுதும் போலியாகவே ஆக்கிக்காட்டும். இன்ரெல் நிறுவனத்தின் பழைய வலையட்டை ஒன்றினைப் போல நடிப்பது இதற்கு எடுத்துக்காட்டு; அவ்வட்டை அக்கணினியில் இல்லாதிருப்பினும் விருந்துக் கணினி அதனைக் கண்டதாகவே கொள்ளும். வேறு சிலவற்றில், தான் மெய்நிகர் என்பதை விருந்துக் கணினி அறிந்தே ஓர் உடன்பாட்டின்படி ஒழுகும். வேர்ட்டியோ எனப்படும் இவ்வுடன்பாட்டை வகுத்தவர் ரஸ்டி ரஸ்ஸல் என்பார். இறுதியாக, உண்மைக் கருவியையே இல்லக் கணினி கைவிட்டு விருந்தினரிடம் ஒப்படைப்பதும் உண்டு. யூ.எஸ்.பி. கருவிகள் பெரும்பாலும் இம்முறையிலேயே செல்கின்றன.

ஆராயும் முறைக்குப் புதிதாக ஒன்றைத் தேடவேண்டியதில்லை. நம் தருக்க நூலார் கூறும் அந்நுவயமும் வெதிரேகமும் போதும். புகையுள்ளவிடத்து நெருப்புண்டு என்பது அந்நுவயம். நெருப்பில்லாதவிடத்துப் புகையில்லை என்பது வெதிரேகம். ஒரு காரணம் உள்ளபோது குறை தோன்றுவதையும், அதனை நீக்கியபோது குறை நீங்குவதையும் இருதலையாகக் கண்டாலன்றி அதுவே காரணம் எனத் துணிதல் ஆகாது. கணினி திருத்துவோர் பலர் ஒரே வேளையில் ஐந்து மாற்றங்களைச் செய்துவிட்டு, எது பயன்றந்தது என அறியாது நிற்றலை யாம் பலமுறை கண்டுள்ளோம்.

யான் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றில் மாணவர் புள்ளிகளைப் பதியும் பழைய நிரல் ஒன்று இருந்தது. அது விண்டோஸ் எக்ஸ்.பி.யிலன்றி இயங்காது. பழைய கணினி பழுதாகவே, லினக்ஸ் நிறுவிய புதிய கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் வழியாக அதனைக் குடியேற்றினோம். தேர்ச்சி அறிக்கை அச்சிடும் யூ.எஸ்.பி. அச்சுப்பொறியும் ஒத்துழைத்தது. அதனைப் பார்த்துவந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின், பொறுப்பேற்றவருக்குப் புதிய பயனர் கணக்கொன்று திறந்து, கோப்புகளை அதற்கு மாற்றினோம். பெற்றோர் வரும் நாளுக்கு மூன்று நாள் முன்னர் அச்சுப்பொறி விருந்துக் கணினியிற் காணப்படவில்லை. அழைக்கப்பட்ட திருத்துநர் விருந்துக் கணினியை அழித்து மீள நிறுவவேண்டும் என்றார். பல ஆண்டுப் புள்ளிகள் யாவும் அவ்வட்டுக் கோப்பினுள்ளேயே இருந்தன. வேறு பிரதி வையாதது எம் பிழையே.

அவரைச் சற்றுப் பொறுக்கச்செய்து, முதலாவது இடமாகிய இல்லக் கணினியை வினாவினோம். இணைந்துள்ள யூ.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் கட்டளையை இட்டபோது அச்சுப்பொறியின் பெயர் தோன்றியது. கேர்னலின் குறிப்பேட்டைக் காட்டும் டி-மெசேஜ் கட்டளையும், செருகியவுடன் கருவியைக் கண்டதாகக் கூறிற்று. ஆகவே கம்பியும் பொறியும் குற்றமற்றவை. அடுத்து, பழைய கணக்கினுட் புகுந்து, எதுவும் நிறுவாத வெறுமையான விருந்துக் கணினி ஒன்றை ஆக்கி, அதன் யூ.எஸ்.பி. பட்டியலைத் திறந்தோம், அச்சுப்பொறி இருந்தது. புதிய கணக்கிலும் அவ்வாறே ஒன்றை ஆக்கித் திறந்தோம், பட்டியல் வெறுமையாயிருந்தது. எக்ஸ்.பி. சிறிதும் கலவாத இவ்விரு சோதனையிலும் அதே குறை கணக்கோடு வந்து கணக்கோடு நீங்கியமையால், விருந்துக் கணினி குற்றவாளியன்று என்பது துணியப்பட்டது.

காரணம் சிறிதே. லினக்ஸில் வேர்ச்சுவல்பொக்ஸ் வழியாக யூ.எஸ்.பி. கருவிகளை அணுகுதற்குப் பயனர் வீ-பொக்ஸ்-யூசர்ஸ் என்னும் குழுவில் உறுப்பினராயிருத்தல் வேண்டும். பழைய கணக்கு அக்குழுவில் இருந்தது. புதியதைச் சேர்க்க மறந்தோம். சேர்த்தபின்னும் பட்டியல் வெறுமையாகவே இருந்தது கண்டு திருத்துநர் நகைத்தார். ஒருவர் எக்குழுக்களைச் சேர்ந்தவர் என்பது அவர் கணக்கினுட் புகும் வேளையிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. இடையிற் செய்த மாற்றம், வெளியேறி மீளப் புகுந்தாலன்றிப் பலிக்காது. அவ்வாறு செய்ய அச்சுப்பொறி தோன்றியது. அன்று மாலையே தேர்ச்சி அறிக்கைகள் அச்சாயின.

இங்கு இன்னொன்றும் கூறற்பாலது. ஒரு யூ.எஸ்.பி. கருவியை ஒரே வேளையில் இருவர் ஆளமுடியாது. இல்லக் கணினியின் அச்சுச் சேவையோ பிறிதொரு நிரலோ அதனைப் பற்றிக்கொண்டிருப்பின், பட்டியலிற் பெயர் தோன்றினும் ஒப்படைப்பு நிகழாதொழியலாம். பற்றியிருப்பதை முதலில் விடுவித்தல் வேண்டும்.

வட்டுக் காணப்படாமை வேறு வகையது. கியூ-எமுவில் வட்டினை வேர்ட்டியோ முறையில் அமைத்து விண்டோஸை நிறுவத் தொடங்கினால், நிறுவுமிடத்தில் வட்டே இல்லை என அது கூறும். வட்டு உளது, அதனோடு பேசும் மொழி விண்டோஸின் நிறுவற்றட்டில் இல்லை. வேர்ட்டியோ இயக்குநிரல்கள் அடங்கிய தட்டினை இரண்டாவதாகச் செருகி, உரியதை ஏற்றிய மாத்திரத்தில் வட்டுத் தோன்றும். ஏலவே பழைய முறையில் நிறுவிய விண்டோஸைத் திடீரென வேர்ட்டியோவுக்கு மாற்றுவோர் நீலத்திரையைக் காண்பர். அதற்கு வழி, பழைய வட்டினை அவ்வாறே விட்டு, வேர்ட்டியோ முறையிற் சிறு வட்டொன்றைக் கூடுதலாக இணைத்து, விண்டோஸ் அதற்குரிய இயக்குநிரலை ஏற்றுக்கொண்டபின் பெருவட்டினை மாற்றுதலாம். லினக்ஸ் விருந்தினர்க்கு இத்தொல்லை பெரிதும் இல்லை; வேர்ட்டியோ அவற்றின் கேர்னலிலேயே உளது.

வலையமைப்பிற் பலரும் இடறுவது கம்பியில்லா இணைப்பிலாம். விருந்துக் கணினி வெளி வலையமைப்பில் தனியுறுப்பாக நிற்கவேண்டுமென விரும்புவோர் இல்லக் கணினியிற் பாலம் ஒன்றை அமைப்பர். கம்பி இணைப்பில் இது இனிது நடைபெறும், வைபையில் நடைபெறாது. ஏனெனின், வைபை அணுகுமுனை தன்னிடம் பதிவுபெற்ற வன்பொருள் முகவரியிலிருந்து வருவனவற்றையே ஏற்கும். விருந்துக் கணினிக்கோ வேறு முகவரி. கியூ-எமு பொதுவாக 52:54:00 எனத் தொடங்கும் முகவரியை அதற்கு வழங்குகின்றது. பதிவுபெறாத அம்முகவரியை அணுகுமுனை புறக்கணிக்கும். லினக்ஸ் கேர்னலும் வழமையான நிலையிலுள்ள வைபை இடைமுகத்தைப் பாலத்திற் சேர்க்க மறுத்துவிடும். எத்துணை அமைப்புகளை மாற்றினும் பயனில்லை. இல்லக் கணினியின் முகவரிக்குள் மறைந்து வெளிச்செல்லும் முகவரி மாற்ற முறையைக் கைக்கொள்ளுதலே தக்கது. லிப்வேர்ட் என்னும் மேலாண்மை நிரல் 192.168.122 எனத் தொடங்கும் வலையமைப்பாக இதனை ஆயத்தமாகவே வைத்துள்ளது.

சோதனையே ஏமாற்றுவதும் உண்டு. கியூ-எமுவின் மிக எளிய வலையமைப்பு முறையில் விருந்துக் கணினி 10.0.2.15 என்னும் முகவரியைப் பெறும். அம்முறையில் வெளியுலகிற்குப் பிங் கட்டளை அனுப்பினாற் பெரும்பாலும் மறுமொழி வாராது. ஆனால் இணையப் பக்கங்கள் தடையின்றித் திறக்கும். பிங்கை மாத்திரம் நம்பி வலையமைப்பு இறந்ததென முடிவு செய்தவர், இல்லாத நோய்க்கு மருந்து தேடுபவராவர்.

கருவிகள் யாவும் ஒருங்கே மந்தமாயின், கருவிகளை ஐயுறற்க. தேவ் என்னும் அடைவினுள் கே.வி.எம். என்னும் பெயருடைய கோப்பு உளதா என நோக்குக. இல்லையாயின், செயலியின் மெய்நிகராக்க ஆற்றல் பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருத்தல் கூடும். கியூ-எமு அப்போது ஒவ்வோர் ஆணையையும் மொழிபெயர்த்தே நடத்துமாதலின் மந்தமாகும். கே.வி.எம்.மும் வேர்ச்சுவல்பொக்ஸும் அவ்வாற்றலுக்குப் போட்டியிடுதலும் உண்டு. 2024 நவம்பரில் வெளிவந்த 6.12ஆம் கேர்னல், கே.வி.எம். ஏற்றப்பட்டவுடனேயே அவ்வாற்றலைத் தன்வயப்படுத்தியமையால், அதுகாறும் இயங்கிய வேர்ச்சுவல்பொக்ஸ் கணினிகள் பலருக்குத் தொடங்க மறுத்தன.

எச்சோதனைக்கு முன்னரும் வட்டுக் கோப்பிற்குப் பிரதி எடுத்துக்கொள்க. விருந்துக் கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் அக்கோப்பினைப் பிரதி செய்தல் தகாது. பாதி எழுதிய பக்கத்தைப் பிரதி செய்ததுபோல் அது சிதைந்திருக்கும். முற்றாக நிறுத்தியபின் எடுத்த பிரதியை வேறொரு வட்டில் வைத்து, அதிலிருந்து கணினி தொடங்குகின்றதா என ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.