அறுபட்டது கேபிள் மட்டுமா?

இரவு மணி 11.10. காரின் திரையில் மின்கலம் 9 விழுக்காடு என்று காட்டியது. தாப்பாவில் உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் அம்மா, அவர் மடியில் தலை வைத்துத் தூங்கும் என் மகள். நெடுஞ்சாலை ஓய்வுப் பகுதியில் சார்ஜ் போடக் காத்திருந்த கார்களின் வரிசையைப் பார்த்துவிட்டு, “ரவாங்கில் போட்டுக்கொள்ளலாம், அங்கே கூட்டம் இருக்காது” என்று மனைவியிடம் தைரியமாகச் சொன்னது நான்தான்.

கூட்டம் இல்லைதான். அதற்கான காரணம் காரை விட்டு இறங்கியதும் தெரிந்தது. கடைவரிசையின் பின்புறம் இரண்டு சார்ஜர்கள் நின்றன. இரண்டிலும் கேபிள் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் மட்டும் தொங்கியது. வெட்டிய இடம் வழவழப்பாக இருந்தது. என் கைப்பேசிச் செயலியோ, இரண்டுமே பயன்பாட்டுக்குத் தயார் என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டடத்தின் பாதுகாவலர், அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், டார்ச் விளக்கோடு வந்தார்.

“சார்ஜ் போட வந்தீங்களா தம்பி? முந்தாநேத்து ராத்திரியே அறுத்துட்டுப் போயிட்டானுங்க.”

“யாரும் பார்க்கலையா அங்கிள்?”

“எப்படிப் பார்க்கறது? மேல பாருங்க, இந்த லைட்டு எரியாம ஒரு மாசமாச்சு.”

கிள்ளானுக்கு இன்னும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரில் மிஞ்சியிருந்தது 38 கிலோமீட்டருக்கான மின்சாரம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இரவு மாத்திரை வீட்டில் இருந்தது. அதே நேரத்தில் இன்னொரு மின்சாரக் காரும் வந்து நின்றது. ஓட்டிவந்த இளைஞர் இ-ஹெய்லிங் ஓட்டுநர். அறுந்த கேபிளைப் பார்த்து அவர் திட்டவில்லை. “காலையில அஞ்சு மணிக்கு ஏர்போர்ட் டிரிப் இருக்கு அண்ணே” என்று மட்டும் சொன்னார்.

மின்சாரம் முதலில் வந்த ஊர்

இது நடந்த ஊர் ரவாங் என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. மலாயாவில் மின்சார உற்பத்தியின் வரலாறு தொடங்குவதே இந்த ஊரில்தான். 1894-இல், லோக் யூவும் நம் கே. தம்புசாமி பிள்ளையும் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, மின்சாரத்தால் நீர் இறைத்தார்கள். பத்துமலை முருகன் கோயில் தோன்றக் காரணமாக இருந்த அதே தம்புசாமி பிள்ளைதான். கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1895-இல்.

இன்றைக்கும் ரவாங்குக்கும் வாகனத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெரோடுவா தொழிற்சாலை இருக்கும் சுங்கை சோ பக்கத்தில்தான். 2024 டிசம்பரில் புரோட்டோனும் 2025 டிசம்பரில் பெரோடுவாவும் தங்கள் முதல் மின்சாரக் கார்களை அறிமுகப்படுத்தின. பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த மின்சாரக் கார், நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்துவிட்டது.

ஆனால் கார் வந்த வேகத்தில் சார்ஜர் வரவில்லை. 2025 இறுதிக்குள் நாடு முழுவதும் 10,000 பொது மின்னேற்று முனைகள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. இருப்பதே போதாத நிலையில் ஒன்று அறுபட்டாலும், அதன் வலி பல குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கிறது.

செம்பு என்ற தூண்டில்

திருடனுக்குக் காரைப் பற்றியோ தொழில்நுட்பத்தைப் பற்றியோ அக்கறை இல்லை. அவன் கண்ணுக்குத் தெரிவது ரப்பருக்குள் இருக்கும் செம்பு. 2024 மே மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் செம்பின் விலை 11,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. கேபிள் திருட்டால் கொமியூட்டர் ரயிலுக்குக் காத்துக் கிடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தண்டவாளத்தின் ஓரம் நடந்த அதே திருட்டு, இப்போது கார் நிறுத்துமிடத்துக்கு வந்திருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தலைவலி அல்ல. அமெரிக்காவின் பெரிய மின்னேற்று நிறுவனங்களில் ஒன்றான எலெக்ட்ரிஃபை அமெரிக்கா, ஒரு காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கேபிளைத்தான் இழந்துகொண்டிருந்தது. 2024-இல் மே மாதத்துக்குள்ளேயே 129 கேபிள்கள் வெட்டப்பட்டன. ஹியூஸ்டன் நகரில் டெஸ்லா நிலையம் ஒன்றில் 19 கேபிள்களில் 18 ஒரேயடியாக வெட்டப்பட்டன. அப்படி வெட்டிய ஒரு கேபிளை விற்றால் 15 முதல் 20 டாலர்வரைதான் கிடைக்கும் என்று அங்குள்ள காவல் அதிகாரி கணித்தார்.

திருடனுக்குக் கிடைப்பது ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. அதற்காகப் புதுக் கேபிள் தருவிக்க வேண்டும், தொழில்நுட்பர் வர வேண்டும், சோதனை முடிய வேண்டும். அதுவரை அந்த நிலையம் வெறும் கம்பம்தான்.

வாங்க ஆள் இருக்கும்வரை

மறுவாரம், பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் எங்கள் மாமாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். முப்பது ஆண்டாக இந்தத் தொழிலில் இருப்பவர். “கேபிளைக் கொண்டு வர்றவனை நான் குறை சொல்லப் போறதில்லைடா. ராத்திரி அறுத்ததைக் காலையில ஒருத்தன் வாங்கறான் பாரு, அவன்தான் முதல் திருடன்” என்றார்.

அவர் சொன்னதைச் சட்டமும் சொல்கிறது. தண்டனைச் சட்டம் 379-ஆவது பிரிவின்படி திருட்டுக்கு 7 ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குபவரும் 411-ஆவது பிரிவின் கீழ் சிறைக்குப் போக நேரிடும். பழைய பொருள் வாங்குவோருக்கு உரிமம் வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. உரிமத்தைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. செம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கமும் வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் தொழில்நுட்பத்தையும் துணைக்கு அழைத்திருக்கின்றன. சார்ஜ்பாயிண்ட் நிறுவனம் எளிதில் வெட்ட முடியாத கேபிளையும், யாராவது கை வைத்தால் கத்தும் எச்சரிக்கை ஏற்பாட்டையும் 2025-இல் அறிவித்தது. வெட்டினால் சாயத்தைப் பீய்ச்சி அடிக்கும் கேபிள் உறையும் வந்துவிட்டது. பிரிட்டனில் கேபிளுக்குள் இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்துகிறார்கள்.

இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் அந்த இரவில் ரவாங்கில் நான் கண்ட குறை இவ்வளவு பெரியது அல்ல. ஒரு விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் இல்லாத பின்புறத்தில், இருட்டில், விலையுயர்ந்த செம்பைத் தொங்கவிட்டிருந்தோம். இடம் மலிவாகக் கிடைக்கிறது என்று மூலையில் வைப்பதைவிட, விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடைக்கு எதிரிலோ, இரவுப் பணியாளர் இருக்கும் எண்ணெய் நிலையத்திலோ வைப்பது நல்லது. கேமரா இருந்தால் போதாது. அதை யாராவது பார்க்கவும் வேண்டும்.

நம் கையில் இருப்பது

திருட்டு மட்டுமே சேதம் அல்ல. சார்ஜரில் சிவப்பாக ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். பிள்ளைகள் விளையாட்டாக அதை அழுத்திவிட்டால், அதை மீட்டமைக்கும்வரை சார்ஜர் வேலை செய்யாது. பேரங்காடியில் காத்திருக்கும் நேரத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் வேலை. சார்ஜ் முடிந்ததும் கேபிளைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அடுத்த காரின் சக்கரம் ஏறினால் அதுவும் சேதம்தான். கேபிளைச் சுற்றி மாட்டிவிட்டுக் கிளம்ப அரை நிமிடம் போதும்.

அறுந்த கேபிளைக் கண்டால் தொடாதீர்கள். பெட்டிக்குள் மின்சாரம் இருக்கலாம். சார்ஜரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அழைத்து, அந்த சார்ஜரின் அடையாள எண்ணைச் சொல்லுங்கள். யாராவது வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் கிட்டே போய்ச் சண்டைக்கு நிற்காமல் 999-ஐ அழையுங்கள். செயலியில் பச்சை நிறம் தெரிந்தாலும், கடைசியாகப் பயன்படுத்தியவரின் குறிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மின்கலம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்தப் பாடத்தை நான் 9 விழுக்காட்டில் கற்றேன்.

இன்னொன்று. அந்தக் கேபிள் அறுபட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் வந்து, பார்த்து, சலித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். ஒருவராவது செயலியில் ஒரு வரி எழுதியிருந்தால் நானும் அந்த இளைஞரும் அங்கே வந்திருக்க மாட்டோம். திருடன் கேபிளை அறுத்தான். ஒருவருக்கொருவர் தகவல் சொல்லும் பழக்கத்தை நாமே விட்டுவிட்டோம்.

அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது அந்தப் பெரியவர்தான். “ரெண்டு கிலோமீட்டர் போனா மாமாக் கடைக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு, மெதுவா ஏறும், ஆனா வேலை செய்யும்” என்றார். அங்கே நாமே கேபிள் கொண்டுபோக வேண்டும். நல்லவேளை, என் காரின் பின்பெட்டியில் ஒன்று இருந்தது. அந்த இளைஞரிடமும் இருந்தது. இரண்டு காரையும் பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு முனையில் மாட்டினோம். அம்மாவுக்குச் சர்க்கரை போடாத தேநீரும் தோசையும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் வீடு போய்ச் சேரும் அளவுக்கு ஏறியது. நான் கிளம்பும்போதும் அந்த இளைஞர் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், ஐந்து மணிப் பயணத்துக்காக.

கிளம்புவதற்கு முன் அறுந்த சார்ஜர்களைப் பற்றிச் செயலியில் நான்கு வரி எழுதினேன். காலையில் அந்த நிலையத்தின் எண்ணுக்கு அழைத்து, கேபிளோடு சேர்த்து எரியாத விளக்கைப் பற்றியும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ரவாங் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். புதுக் கேபிள் இன்னும் வரவில்லை. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.